நினைவை நம்பும் நகல்

எழுதுகிற நண்பர்களிடம் ஒரு விசித்திரத்தைத் தொடர்ந்து பார்த்துவருகிறோம். கதையில் ஒரு எழுத்துப்பிழை அச்சாகிவிட்டால் இதழாசிரியரை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார்கள். ஆனால் பத்தாண்டு எழுத்து முழுவதும் ஒரே வன்தட்டில் கிடப்பது குறித்து எந்தக் கவலையும் இருக்காது. கேட்டால், பென் டிரைவில் நகல் இருக்கிறது என்பார்கள். எப்போது எடுத்தது? போன பொங்கல் விடுமுறையில்!

இதைச் சோம்பல் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மூடநம்பிக்கை என்றே சொல்வோம். மனிதர் மறக்காமல் நகலெடுப்பார் என்னும் மூடநம்பிக்கை அது. நினைவை நம்பி நடக்கும் காப்பு, காப்பே அல்ல. அவ்வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

'இதெல்லாம் கணினித் துறையினர் வேலை' என்று ஒரு பதில் வரும். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்கள் அப்படி ஒதுங்கியிருந்தால் இன்று நமக்குப் பழைய இலக்கியம் எது? அதோடு, இது அத்தனை கடினமும் அல்ல. 2012இல் அறிமுகமான ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியையே எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையில் இயங்குவது. எழுத எழுதத் தேய்வது அட்டையின் இயல்பு. எழுதும்போது மின்சாரம் போனால் கெடவும் கூடும். வீட்டு வலையமைப்பில் ஒரு சேமிப்பகத்தை இணைத்து, மாறிய கோப்புகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் நிரலை, க்ரான் மூலம் இரவு 2 மணிக்கு ஓடவிட்டால் போதும். ஆர்சிங்க் 1996 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

தானியங்கி என்றதும் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதல்ல நம் வாதம். சேமிப்பகம் இணைப்பில் இல்லாத இரவில், கவனமின்றி எழுதப்பட்ட நிரல், அதற்கென ஒதுக்கிய வெற்று அடைவுக்குள், அதாவது அதே அட்டையிலேயே, நகலைக் கொட்டி இடத்தை நிரப்பிவிடும். இணைப்பு உள்ளதா என்று முதலில் சோதிக்கும் ஒரு வரி அவசியம். அதேபோல், ஒத்திசைவும் காப்பும் ஒன்றல்ல. நீங்கள் தவறி அழித்த நாவலை ஒத்திசைவு அங்கேயும் விசுவாசமாக அழித்துவைக்கும். ஆகவே தேதிவாரியாகப் பழைய பிரதிகளும் இருக்க வேண்டும்.

1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி தவறான ஓர் ஆணையால் அழிந்தது. காப்பு நகல்கள் சரிவர இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. படத்தை மீட்டது தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த நகல்.

இதிலிருந்து இரண்டைக் கற்கலாம். மீட்டுப் பார்க்காத நகலை நம்பக்கூடாது. எல்லா நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கவும் கூடாது. தீயோ வெள்ளமோ வந்தால் கணினியும் சேமிப்பகமும் சேர்ந்தே போகும். ஒரு பிரதி வேறு ஊரில், நண்பர் வீட்டிலாவது இருக்கட்டும்.

மேகச் சேவை பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அதையே நம்பியிருந்தவர்களின் பக்கங்கள் என்னவாயின?

இந்த வாரமே நிரலை அமையுங்கள். அடுத்த வாரம் ஏதேனும் ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் அது இப்போதே தெரிவது நல்லது.