காப்பெற் வீதி வந்தது, ஒழுங்கைகள் எங்கே?

மீள்குடியேற்றம் பற்றிய கூட்டங்களிலே முதலில் கேட்கப்படுவது வீடு. அடுத்தது கிணறு. மூன்றாவது வீதி. வீதி என்றதும் எல்லோரும் நினைப்பது பிரதான வீதியையே. அது அகலமாக வேண்டும், காப்பெற் போடப்பட வேண்டும், பஸ் ஓட வேண்டும் என்று கேட்கிறோம். இவை நியாயமான கோரிக்கைகளே. ஆனால் ஒரு கமக்காரக் குடும்பத்தின் அன்றாட அலுவல் பிரதான வீதியிலே நடப்பதில்லை. வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து குளத்துக்கும், பிள்ளைகள் பாடசாலைக்கும், தாய்மார் சந்தைக்கும் போய்வருவது பெரும்பாலும் ஒழுங்கைகளாலும் வாய்க்கால் கரைகளாலும் குளக்கட்டுகளாலுமே. அங்கே சைக்கிள் ஓடும், லொறி ஓடாது. இப்பாதைகளைப் பற்றி எவரும் மகஜர் எழுதுவதில்லை. இதனையிட்டே எமது கருத்தை இங்கு கூற விரும்புகிறோம்.

சைக்கிளின் பெறுமதியை எமது மக்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்கிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. நெல் மூடையும் விறகும் மரக்கறியும் சைக்கிளிலேயே சந்தைக்குப் போயின. நோயாளியும் கரியரில் இருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். சைக்கிள் சில்லைச் சுற்றி, டைனமோவிலே வானொலியும் கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் வெறுமையானபோது, எஞ்சிய உடைமைகளில் பெரும்பகுதி சைக்கிள்களிலேயே நாவற்குழியைக் கடந்தது. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோதும், மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டவர்கள் பலர்.

தடைக் காலத்தில் சைக்கிளோடுவது இலகுவாக இருந்ததற்கு ஒரு காரணம், வீதியிலே வேறு வாகனங்கள் மிகக் குறைவாக இருந்தமையாகும். அந்த அமைதி துன்பத்தால் வந்தது. அது திரும்பி வரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். ஆனால் இன்றைய நிலை என்ன? 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009இன் பின் மீண்டும் திறக்கப்பட்ட ஏ9 வீதி இன்று புதுப்பிக்கப்பட்டுள்ளது. பஸ்களும் ரிப்பர்களும் வான்களும் அதில் விரைகின்றன. மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பிள்ளையும், 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பஸ்ஸும் ஒரே வீதியின் ஒரே ஓரத்தைப் பங்குபோட வேண்டியுள்ளது. மாலை வகுப்பு முடிந்து இருளிலே வரும் பெண் பிள்ளையை வாசலில் நின்று பார்த்திருக்கும் தாய்க்கு இதன் பொருள் நன்கு தெரியும்.

“இப்போது யார் சைக்கிள் ஓடுகிறார்கள்? எல்லாரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தாலும் அதை ஓட்டுபவர் ஒருவர்தான். மற்றவர்கள், அதாவது பிள்ளைகளும் பெண்களும் முதியோரும், சைக்கிளையே நம்பியிருக்கிறார்கள். லீசிங் தவணை கட்ட முடியாமல் வண்டியைப் பறிகொடுத்த குடும்பங்களும் எம்மிடையே உண்டு. சைக்கிளை எவரும் தவணைக்காகப் பறிப்பதில்லை.

எமது ஊர்களின் அமைப்பையே சற்றுக் கவனியுங்கள். பெரிய குளங்களின் வாய்க்கால்கள் நில மட்டத்தை அனுசரித்து மெல்லிய சரிவிலே வெட்டப்பட்டவை. ஆகவே அவற்றின் கரைப்பாதையிலே ஏற்ற இறக்கம் குறைவு. பாரம் ஏற்றிய சைக்கிளையும் களைப்பின்றி ஓட்டலாம். இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களைப் போன்றவை குடியிருப்புகளையும் வயல்களையும் தொட்டுக்கொண்டே செல்கின்றன. யாழ்ப்பாணத்திலோ வேலிகளுக்கு இடையே வளைந்து செல்லும் ஒழுங்கைகள் ஊரோடு ஊரை இணைத்தன. இவை வாகன நெரிசல் இல்லாத பாதைகளாக முன்பே அமைந்துள்ளன. நாம் புதிதாகக் கட்ட வேண்டியது மிகக் குறைவு. இருப்பதை இழக்காமல் காத்து, அறுந்த இடங்களைத் தொடுத்தாற் போதும்.

பிற நாட்டவர்கள் இதைச் செய்து காட்டியுள்ளனர். பெல்ஜியம் நாட்டின் லிம்பேர்க் மாகாணம் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. அங்கிருந்த கடைசிச் சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. அம்மாகாணத்தினர் கிராமத்துச் சிறு வீதிகளையும் கால்வாய்க் கரைகளையும் கைவிடப்பட்ட ரயில் பாதைகளையும் இணைத்து, 1995இல் சைக்கிளுக்கான பாதை வலையமைப்பு ஒன்றைத் திறந்தனர். சந்திக்குச் சந்தி ஓர் இலக்கம். சைக்கிளோட்டி தான் கடக்கவேண்டிய இலக்கங்களைத் தாளிலே குறித்துக்கொண்டு, பலகைகளைப் பார்த்துப் போகலாம். சுரங்கத்துள்ளே சந்திகளுக்கு இலக்கமிடும் வழக்கத்தை அறிந்த சுரங்கப் பொறியியலாளர் ஒருவரின் யோசனை அது. பின்னர் அது நெதர்லாந்துக்கும் பரவியது. இங்கிலாந்திலும் பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு இடையே கைவிடப்பட்ட ரயில் பாதையைத் தொண்டர்கள் 1979 முதல் சிறிது சிறிதாகத் திருத்திச் சைக்கிள் பாதையாக்கினர். அவர்கள் பெரும்பாலும் உல்லாசத்துக்காக ஓடுகிறார்கள். நாம் பிழைப்புக்காக ஓடுகிறோம். அப்படியிருக்க, எமது தேவை அவர்களுடையதிலும் பெரிதல்லவா?

ஆனால் எமக்கு ஒரு தனியான இடர் உண்டு. 2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி திறக்கப்பட்டபோது அது பத்திரிகைகளிலே செய்தியானது. ஓர் ஒழுங்கை திறக்கப்படாமற் கிடப்பது செய்தியாவதில்லை. முப்பது ஆண்டுகள் ஆட்களற்றுக் கிடந்த இடத்தில் ஒழுங்கை பற்றையாகிவிடும். காணி துப்புரவாகும்போது வேலி இரண்டடி தள்ளி விழும். வழி எங்கே இருந்தது என்பது அந்த ஊர் முதியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சும். 1990இல் முப்பது வயதில் இடம்பெயர்ந்தவருக்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. முகாமிலும் உறவினர் வளவிலும் பிறந்த பிள்ளைகள் அவ்வழிகளை மிதித்ததேயில்லை. ஒரு முதியவர் தடியொன்றை எடுத்து, மணலிலே தமது ஊர் ஒழுங்கைகளை ஒவ்வொன்றாகக் கீறிக் காட்டியதை நாம் பார்த்தோம். கூட்டம் முடிந்து எழுந்தவர்களின் கால்பட்டு அது அழிந்து போயிற்று. இதனை இங்கே எழுதத் தூண்டியதும் அதுவே.

எனவே, நாம் செய்யக்கூடியவை சிலவற்றை முன்வைக்கிறோம். முதலாவதாக, ஊருக்குத் திரும்பியவர்களும் இன்னும் திரும்பாதவர்களும் தத்தம் முதியவர்களோடு இருந்து, ஊர்ப் பாதைகளைத் தாளிலே கீறி வைக்க வேண்டும். காணி உறுதியிலே வழி, வாய்க்கால், கிணற்றுப் பங்கு என்று எழுதப்பட்டிருக்குமாயின் அதனையும் குறித்துக்கொள்ளுங்கள். அது வெறும் சம்பிரதாயச் சொல் அல்ல, உங்கள் உரிமை.

இரண்டாவதாக, எந்தப் பாதை எவரிடம் உள்ளது என்பதை அறிந்து கேட்க வேண்டும். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியவை. பெரிய குளங்களின் கட்டும் வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்தவை. சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பொறுப்பு. தவறான கந்தோருக்குப் போகும் மகஜர் அங்கேயே உறங்கிவிடும்.

மூன்றாவதாக, குளக்கட்டில் ரிப்பரோ உழவு இயந்திரமோ ஏறக்கூடாது. பாரத்தினால் கட்டு தாழ்ந்தால், மாரியிலே குளத்துக்கே ஆபத்து. கட்டின் இரு முனைகளிலும் நான்கடி இடைவெளியில் கட்டைகள் நாட்டினால் சைக்கிள் போகும், பார வாகனம் போகாது. பராமரிப்பு வேலைக்காக ஒரு கட்டையைக் கழற்றக்கூடியதாக வைத்துத் திறப்பைக் கமக்காரர் அமைப்பிடம் கொடுக்கலாம். இதற்கு அத்திணைக்களத்தின் அனுமதி பெறவேண்டும். தாழ்ந்த இடங்களுக்குக் கிரவலும், வெள்ளம் குறுக்கறுக்கும் இடத்துக்கு ஒரு சிறு மதகும் போட்டாற் பாதை மாரியிலும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையையும் கூறியாக வேண்டும். மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் எல்லா இடங்களிலும் முடிந்துவிடவில்லை. பழைய ஒழுங்கை என்று நினைவிலே தெரிந்தாலும், அவ்விடம் துப்புரவாக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியாமல் இறங்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். வன்னியில் யானை நடமாடும் இடங்களில் விடியற்புறத்திலும் மாலைக் கருக்கலிலும் தனியே ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.

காப்பெற் வீதி எமது விளைச்சலைக் கொழும்புக்குக் கொண்டு செல்கிறது, அது வேண்டும். ஆனால் பிள்ளை பயமின்றிப் பாடசாலைக்குப் போய்வர அந்த வீதி போதாது. அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வீதியைப் பற்றிப் பேச்சு வரும்போது, எவராவது ஒருவர் எழுந்து ஒழுங்கையைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். போகுமுன், உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.