பிரிட்ஜ் ஆட்டமும் புதியவர்க்கு ஓரிடமும்

சீட்டாட்டம் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே சூதென்று முகஞ்சுளிப்பார் பலர். பந்தயம் வைத்தாடுவோரைக் கண்டு அவ்வாறு அஞ்சுதல் இயல்பே. ஆயினும் பிரிட்ஜ் ஆட்டத்தை அவ்வகையிற் சேர்த்தல் தகாதென்பதே எமது துணிபு. கழகப் போட்டிகளில் ஒரு மேசையிற் பகிர்ந்த 52 சீட்டுக்களும் கலைக்கப்படாது, அப்பகிர்வு மாறாமலே அடுத்த மேசைகட்குஞ் செல்லும். ஒரே சீட்டுக்களைக் கொண்டு எவர் நன்கு ஆடினர் என்பதே கணக்கிடப்படுமாதலின், அதிர்ஷ்டத்திற்கு ஆங்கு இடம் மிகச் சிறிது.

2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது, 60 வயதினரான பிரணாப் பர்தனும் 56 வயதினரான சிப்நாத் சர்க்காரும் ஆடவர் இணைப் பிரிவில் நம் நாட்டிற்குத் தங்கப் பதக்கம் ஈட்டினர். முதுமையிலும் அறிவு மங்காமைக்கு இது சான்று. எனினும் முதியோர் மட்டுமே கூடுங் கழகம் நெடுநாள் நிலையாது.

இளையோரைச் சேர்க்கும் வழி யாது? பரிசுக் கோப்பைகள் மட்டும் போதா. வாரத்தில் ஒரு மாலையேனும், தேர்ந்தவர் ஒருவர் கற்பார் ஒருவரைக் கூட்டாளியாகக் கொண்டு அமர்தல் வேண்டும். ஏலம் நிகழுங்கால் கூட்டாளியின் சீட்டுக்களைக் காணவும் ஆகாது, வினவவும் ஆகாது. அவர் கேட்கும் ஏலமொன்றே அவர் கருத்தைத் தெரிவிக்கும். ஆதலிற் புதியவர் பிழைத்தல் இயல்பு. அதன்பொருட்டுப் பலர்முன் கடிந்துரைக்கப்பட்ட மாணாக்கன் மறுவாரம் வாரான். நான்காமவர் இன்றேல், எத்துணை வல்லவராயினும் ஏனை மூவரும் கைகட்டி இருக்க வேண்டுவதே.

ஆகவே, பிழையை ஆட்டம் முடிந்தபின் தனித்து, இன்சொல்லால் எடுத்துரைப்போமாக. நாமும் ஒருகாலத்தே புதியவராய் அமர்ந்தவர்களே அன்றோ?