புகழ்வதுபோல் ஓர் இழிவு

சென்ற இதழில் வந்த கட்டுரை, 1966ஆம் ஆண்டின் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பாராட்டுவதாகத்தான் தொடங்குகிறது. தொடக்க ஐவரும் கறுப்பினத்தவராகக் களமிறங்கி, வெள்ளையர் மட்டுமே ஆடிய கென்டக்கியை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசிய இறுதிப் போட்டியில் 72-65 என்று சாய்த்த அணி அது. ஆனால் பாராட்டு இரண்டு பத்திக்கு மேல் தாங்கவில்லை. வெற்றிக்குக் காரணம் உயரமாம், எகிறும் கால்களாம், பிறவி வலுவாம். கென்டக்கி மூளையால் ஆடியதாம். டெக்சஸ் வெஸ்டர்ன் பையன்கள் உடம்பால் ஆடினார்களாம்.

புதுச் சரக்கு அல்ல இது. அந்த ஆண்டே பால்டிமோர் நாளிதழ் ஒன்று இந்த அணியைக் குரங்கோடு ஒப்பிட்டு எழுதியது. நம் கட்டுரையாளர் கொஞ்சம் நாகரிகமானவர். குரங்கை எடுத்துவிட்டு மரபணுவை வைத்திருக்கிறார்.

உயரத்தையே பார்ப்போம். இறுதிப் போட்டிக்குப் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் என்ன செய்தார்? ஆறடி எட்டு அங்குல நெவில் ஷெட்டை உட்கார வைத்துவிட்டு, ஐந்தடி ஆறு அங்குல வில்லி வோர்ஸ்லியைத் தொடக்க ஐவரில் இறக்கினார். கென்டக்கியின் வேகத்தைக் கட்டிப்போட மூன்று கார்டுகள் (பந்தை நடத்தும் வேகமான ஆட்டக்காரர்கள்) வேண்டும் என்பது அவர் கணக்கு. உயரத்தால் வென்றதாகச் சொல்லப்படும் அணி, ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் ஓரடிக்கும் மேலான உயரத்தைத் தானே விட்டுக்கொடுத்திருக்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் கட்டுரையே இருந்திருக்காது.

அடுத்து ஸ்கோரைப் பாருங்கள். களத்திலிருந்து கென்டக்கி போட்ட கூடைகள் 27. டெக்சஸ் வெஸ்டர்ன் 22தான். மூன்று புள்ளி ஷாட் அன்று கிடையாது. பிறகு எங்கே வென்றார்கள்? ஃப்ரீ த்ரோ கோட்டில். கிடைத்த 34இல் 28 உள்ளே போயின. கென்டக்கிக்கு 13இல் 11. ஃப்ரீ த்ரோவை யாரும் மறிப்பதில்லை. ஓட வேண்டாம், எகிற வேண்டாம். பதினைந்தடி தள்ளி நின்று, அரங்கமே கூச்சலிடும்போது கை நடுங்காமல் எறிய வேண்டும், அவ்வளவுதான். கூடைப்பந்தில் பிறவி வலுவுக்கு வேலையே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கோடுதான். ஆட்டத்தை அங்கே வென்றவர்களைப் பார்த்து உடம்பால் ஜெயித்தார்கள் என்கிறார்!

கென்டக்கியின் லாரி கான்லிக்குக் காய்ச்சல் என்பதையும் இழுக்கிறார். காய்ச்சல் இருந்தது உண்மை. டெக்சஸ் வெஸ்டர்னின் ஹாரி ஃப்ளோர்னாய் முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தின் தொடக்கத்திலேயே வெளியேறியதும் உண்மை. ஒருவர் நோயை நினைவில் வைத்து மற்றவர் காயத்தை மறக்க எப்படித்தான் முடிகிறதோ.

அந்தப் பருவம் முழுக்க 28 வெற்றி, ஒரே தோல்வி. அதுவும் சியாட்டிலிடம் இரண்டு புள்ளியில். சின்சினாட்டியைக் கூடுதல் நேரத்திலும், கன்சஸை இரண்டாவது கூடுதல் நேரத்தில் 81-80 என்றும் தாண்டித்தான் இறுதிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் எல்லார் காலும் ஒன்றுபோலத்தான் களைத்திருக்கும். ஹாஸ்கின்ஸ், பயிற்சியாளர் ஹென்றி ஐபாவிடம் ஆடிக் கற்றவர். பந்தைப் பொறுமையாக நகர்த்துவது, ஆளுக்கு ஆள் விடாமல் ஒட்டித் தடுப்பது, இதுதான் ஐபாவின் பாடம். பாய்ந்தோடும் ஆட்டம் உண்மையில் கென்டக்கியுடையது. அரையிறுதியில் டியூக்குக்கு எதிராக 83 புள்ளி குவித்த அந்த அணி மறுநாள் 65இல் முடங்கியது. தடுத்தது யாருடைய மரபணு என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

சரி, மூளை இருந்தது, ஆனால் அது வெள்ளைக்காரப் பயிற்சியாளருடையது என்று அவர் அடுத்து நழுவலாம். இந்த அணியைப் பற்றி 2006இல் வந்த ‘குளோரி ரோடு’ படமும் ஏறக்குறைய அதைத்தான் விற்றது. (1961 முதலே அங்கிருந்த ஹாஸ்கின்ஸை, முதல் பருவத்திலேயே கோப்பை வென்றவராகக் காட்டிய படம் அது.) ஆனால் முதல் பாதியில் பாபி ஜோ ஹில், கென்டக்கி கார்டுகளிடமிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை பந்தைப் பறித்துத் தனியாக ஓடிக் கூடை போட்டபோது ஹாஸ்கின்ஸ் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிராளியின் எந்தக் கைக்குப் பந்து மாறப்போகிறது என்று ஒரு கணம் முன்னதாகக் கண்டுகொண்டவர் ஹில். அவர் உயரம் ஐந்தடி பத்து அங்குலம். ஆட்டத்தின் ஒளிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. கட்டுரையாளர் அடுத்ததை எழுதுமுன் அதை ஒருமுறையாவது பார்த்துவிடலாம்.