வெள்ளியங்கிரியும் 'கூப்பிட்டுக்கிட்டான்' கோஷ்டியும்

மாசி பிறந்தால் போதும், எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை ராத்திரி பூண்டி, ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏழாவது மலை, மதியத்துக்குள் இறக்கம், திங்கட்கிழமை முதல் ஹவர் காஸ்ட் அக்கவுண்டிங்கில் குறட்டை. இதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. நானும் இரண்டு தடவை போய் வந்தவன்தான். என் சண்டையெல்லாம், இறங்கி வந்த பிறகு பேசுகிற பேச்சோடுதான்.

இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது. ஒன்று, "மச்சி, நாலே மணி நேரம். மேல போயிட்டேன்." இரண்டாவது, மலையில் யாராவது செத்துப்போன செய்தி வந்ததும், "குடுத்து வச்சவருங்க, சிவனே கூப்பிட்டுக்கிட்டான்." முதல் பேச்சு வீரம், இரண்டாவது பேச்சு பக்தி என்று எல்லோரும் நினைக்கிறோம். நான் சொல்கிறேன், இரண்டும் ஒரே பேச்சின் இரண்டு பாதி. முதல் பாதி ஆளை ஓட வைக்கிறது. இரண்டாவது பாதி, ஓடி விழுந்தவன் கணக்கை யாரும் கேட்காதபடி மூடி வைக்கிறது.

கோவைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வெள்ளியங்கிரி ஒரு மலை இல்லை, அடுத்தடுத்து ஏழு. அடிவாரம் பூண்டி. முதல் மலை முழுக்கக் கல் படிகள். அதிலேயே பாதிப் பேருக்கு நாக்கு தள்ளிவிடும். அப்புறம் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று ஒவ்வொரு மலைக்கும் ஒரு அடையாளம். ஆறாவதில் ஆண்டி சுனை, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஏழாவதில் பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். ஒரு பக்கத்துக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கு மேல். பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை அனுமதி. வெயிலுக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் ராத்திரியில் ஏறுவார்கள். கையில் ஒரு மூங்கில் தடி, நெற்றியில் திருநீறு, அவ்வளவுதான் தயாரிப்பு.

ஆறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892ல் மலை நடைக்கு ஒரு சூத்திரம் சொன்னார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உலகம் முழுக்க இன்றும் மலை நடப்பவர்கள் இதை வைத்துத்தான் நாளைத் திட்டமிடுகிறார்கள். இதை நம்ம மலைக்குப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு ஒன்றேகால் மணி, உயரத்துக்கு ஒன்றே முக்கால் மணி, ஆகக் குறைந்தது மூன்று மணி நேரம். இது யாருக்கு? மலையே பழக்கமான, நல்ல உடல்தகுதி உள்ள ஆளுக்கு. ஓய்வு, சாப்பாடு, படியில் முட்டி மோதுகிற கூட்டம், மலைக்கு மலை இறங்கி மறுபடி ஏறுகிற உயரம், எதுவும் இதில் சேராது. எங்கள் கல்லூரி ஃபுட்பால் டீம் பையன் நாலு மணி நேரத்தில் ஏறினால் அது அவனுடைய வயசும் பயிற்சியும். அதைக் கேட்டுவிட்டு, தினமும் பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காருகிற அவன் சித்தப்பா "நமக்கு ஒரு அஞ்சு மணி நேரம் ஆகுமா?" என்று கிளம்புகிறாரே, அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது.

அவர் கிளம்புகிற லட்சணத்தையும் பாருங்கள். வெள்ளி ராத்திரி கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறுவார். உட்கார்ந்தபடியே தூக்கம், அதாவது தூக்கம் இல்லை. சனிக்கிழமை ஊர் சுற்றல், ராத்திரி ஒன்பது மணிக்கு வயிறு முட்ட பரோட்டா, பத்து மணிக்கு முதல் படி. ஐந்தாவது மலை வரும்போது ஏறக்குறைய இரண்டு நாள் தூங்காத உடம்பு அது. ஆறாவதில் வேர்க்க விறுவிறுக்க வந்து அந்த ஐஸ் தண்ணீரில் தலை முழுகுவார். சூடேறிய உடம்பில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் எகிறும், இதயம் திணறும். ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவருக்கு இதைவிட மோசமான சமயம் கிடையாது. அடைப்பு இருக்கிறது என்று அவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

2024 மார்ச் கடைசியில் இந்த மலையில் அடுத்தடுத்து மூன்று பேர் இறந்த செய்தி வந்தது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்று பேப்பரில் ஒரே மாதிரியான வரிகள். ஒவ்வொரு வருடமும் சீசனில் இந்த வரிகள் வரும். நாமும் ஒரு 'ஓம் நம சிவாய' சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். (ஓடிவிடாதீர்கள், பேலன்ஸ் ஷீட் எல்லாம் போட மாட்டேன் :) ) சங்க் காஸ்ட் என்று ஒன்று படித்திருப்போம். ஏற்கெனவே செலவாகிப்போன, இனி எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராத பணம். இனிமேல் எடுக்கிற முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் பாடம். பரீட்சையில் இதை எல்லோரும் ஐந்து மார்க்குக்கு எழுதிவிடுவோம். ஐந்தாவது மலையில் நிற்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டே மலை." பஸ் டிக்கெட், லீவு, வீட்டில் சொல்லிவிட்டு வந்தது, ஏறிய ஐந்து மலை, எல்லாம் சேர்ந்து ஆளை முதுகில் கை வைத்துத் தள்ளும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1996 மே 10ம் தேதி எவரெஸ்டில் நடந்ததும் இதுதான். ஆளுக்கு 65,000 டாலர் வரை கட்டி வந்தவர்கள். மதியம் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேச்சு. ஆனால் டக் ஹான்சன் என்ற அமெரிக்கத் தபால் ஊழியர் நாலு மணிக்கு மேல்தான் உச்சியைத் தொட்டார். அதற்கு முந்தைய வருடம் உச்சிக்குக் கொஞ்சம் கீழே திரும்பிப் போனவர் அவர். மறுபடியும் திரும்ப மனசு வரவில்லை. அவரும் இறங்கவில்லை, அவருக்காகக் காத்திருந்த குழுத் தலைவர் ராப் ஹாலும் இறங்கவில்லை. அந்தப் புயலில் மலையின் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு உயிர். அவ்வளவு அனுபவசாலிகளையே "இவ்வளவு தூரம் வந்தாச்சு" ஏமாற்றும் என்றால் சித்தப்பா எம்மாத்திரம்?

போன தடவை நான் ஏறும்போது ஐந்தாவது மலையில் ஒருவரைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். பாறையில் சாய்ந்து, சட்டை பட்டனைக் கழற்றிவிட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குளிர் காற்றிலும் முகம் முழுக்க வேர்வை. கூட வந்தவர்கள் ஏழெட்டு பேர். "கேஸாத்தான் இருக்கும், ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்" என்றார் ஒருவர். இன்னொருவர், "சிவன் சோதிக்கிறானுங்ணா, விட்றாதீங்க." அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார்: "நான் எறங்கிக்கறனுங்க. என்னால ஆகாது." யாரும் காதில் வாங்கவில்லை. கேலி பண்ணினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பாசமாகத்தான் பேசினார்கள். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி நடக்க வைத்தார்கள். விடிகிற நேரம், நெரிசல், அவர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

கூப்பிட்டுக்கிட்டான் கோஷ்டியிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாம் அவன் செயல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மனிதரின் நெஞ்சை இறுக்கியதும், "என்னால ஆகாது" என்று அவர் வாயில் வரவழைத்ததும் யார்? மேலே வா என்கிற குரல் மட்டும்தான் சிவனுடையதா? கீழே போ என்கிற குரல் கேஸ் ட்ரபிளா?

"எங்க தாத்தா வெறும் காலோட ஏறினாருப்பா" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வரட்டும். உங்கள் தாத்தா தோட்டத்துக்கு நடந்து போய், நடந்து வந்து, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவர். மலைக்குப் போவதற்கு முன் விரதம் இருந்து உடம்பை வசக்கியவர். நாம் தெருமுனைக் கடைக்கு பைக் எடுக்கிற ஜாதி. தாத்தாவின் பக்தியை எடுத்துக்கொண்டு அவருடைய காலை விட்டுவிட்டு வந்தால் எப்படி?

அடுத்த கட்சி, "அப்ப மலையையே மூடிருங்க" கட்சி. அதுவும் உளறல்தான். ஏழு மலை நடந்து, விடியலில் அந்தப் பாறைகளுக்கு நடுவே நின்று, காற்று காதில் அறையும்போது கிடைக்கிற அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது. அதை யாருக்கும் மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். 2018 மார்ச் 11ல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ட்ரெக்கிங்குக்கு விதிமுறை வந்தது. 2024ல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பித்து, நாற்பது பாதைகளுக்கு முன்பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தது. அதே தமிழ்நாட்டில், அந்த நாற்பதில் பலவற்றைவிடக் கஷ்டமான ஒரு மலைக்கு, சீசனில் ஆயிரக்கணக்கானவர்கள் பாதித் தூக்கத்தில் ஏறுகிறார்கள். இதய நோயாளிகள் ஏற வேண்டாம் என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டு, படித்த கையோடு ஏறுகிறார்கள். பெயர் யாத்திரை என்பதால் உடம்புக்கு வேறு சட்டமா என்ன?

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு முடிக்க நான் தயாராக இல்லை, ஏனென்றால் தள்ளிக்கொண்டு போகிறது அரசாங்கம் இல்லை, நாம். குழுவாகப் போகிற நம்மால் நாளைக்கே செய்ய முடிகிற காரியங்கள் இருக்கின்றன. முந்தைய ராத்திரி கோவையிலேயே தூங்கிவிட்டு ஏறுவது. குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு அவர் வேகத்தில் போவது. கிளம்பும் முன்பே, யார் திரும்பினாலும் அவரோடு இறங்கப் போவது இன்னார் என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லி வைப்பது. இது ரொம்ப முக்கியம். தன்னால் மற்றவர்கள் தரிசனம் கெடுமே என்று பயந்துதான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, குளிர் வேர்வை வந்தால் சோடா தேடாமல் ஆளை அங்கேயே உட்கார வைத்து, ஒருவர் உதவிக்கு ஓடுவது. நடக்க வைக்கவே கூடாது, மேலேயும் சரி, கீழேயும் சரி.

உதவி என்றால் அங்கே ஆம்புலன்ஸ் வராது. டோலிதான். நாம் மூங்கில் தடி ஊன்றி, மூச்சு வாங்கி, நின்று நின்று ஏறுகிற அதே படிகளில், ஒரு முழு ஆளைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி கட்டி, தோளில் சுமந்து, சில சமயம் இருட்டில், நாலு பேர் இறங்க வேண்டும். ஒருவர் கால் வழுக்கினால் ஐந்து பேருக்கும் ஆபத்து. மேலே போனவர் சிவனிடம் போய்விட்டார் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அவரைக் கீழே கொண்டு வந்தவர்களின் தோள் என்ன ஆனது, அவர்கள் கையில் என்ன கூலி கிடைத்தது என்று இதுவரை யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த தடவை நாலு மணி நேரக் கதை சொல்ல வருகிறவன், அதை அந்த நாலு பேர் எதிரில் நின்று சொல்லட்டும்.