கயிறு பிடிக்கும் கை

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மன்னார் வளைகுடாவின் அடிக்கு இறங்குகிறவனுக்கு மேலே நின்று கயிறு பிடிப்பதற்கு, கூடப் பிறந்த அண்ணன் தம்பியைக்கூட நிறுத்தாமல், மனைவியுடன் பிறந்த மைத்துனனையே நிறுத்துவது வழக்கம் என்று நம் கரையில் பெரியவர்கள் சொல்வார்கள். பிடி தளர்ந்தால் தாலியிழப்பவள் தன் சகோதரியே என்ற அச்சம் அந்தக் கையை அயரவிடாது என்பது அதன் தாத்பரியம். அந்தப் பெருங்குளிப்புகள் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டன. ஆயினும் இந்தத் தூத்துக்குடி ஜில்லாவின் வாலிபர்கள் உயிரைப் பிறர் கையில் கொடுத்து இறங்குவது ஓயவில்லை.

கடற்கரையை விட்டு உள்ளே சென்று, கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் விடியுமுன் நின்று பார்த்தால், வெறுங்காலோடு பையன்கள் சாலையில் ஓடிக்கொண்டிருப்பதும், ஓடி முடித்த ஒருவன் கைப்பேசியில் நேரம் பார்த்துப் பின்னால் வருகிறவர்களை விரட்டுவதும் தெரியும். 5 கிலோமீட்டரை 24 நிமிஷத்தில் கடக்க வேண்டும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் தேகப் பரீட்சை அது. மழை பொய்த்தால் உளுந்தும் பாசியும் பொய்க்கும் பூமியில், தீப்பெட்டி ஆபீஸ் கூலியை விட்டால் மாதச் சம்பளத்திற்கு வேறு வழி எளிதில் இல்லை. தேசபக்தி அவர்களுக்கு இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பசியும் பக்தியும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

அப்படிப் போனவர்தாம் சவலாப்பேரி சுப்பிரமணியன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மத்திய ரிசர்வ் போலீஸ் படைக் காவலர், வயது 28. விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பிய சில தினங்களுக்குள், 2019 பிப்ரவரி 14 அன்று, ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் 78 வாகனங்களில் 2,500-க்கு மேற்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற தொடரின்மீது, புல்வாமாவில் வெடிமருந்து நிரப்பிய கார் மோதியதில் மாண்ட 40 பேரில் அவரும் ஒருவரானார். பிரகடனம் செய்யப்பட்ட யுத்தம் எதுவும் அன்று இல்லை. சவப்பெட்டி மட்டும் யுத்தகாலத்து மரியாதைகளோடு ஊருக்குள் வந்தது.

அடுத்த வாரம், பிப்ரவரி 21 அன்று, உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. டெல்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் மார்க்கங்களில் சாதாரணக் காவலர்களும் இனி சர்க்கார் செலவில் விமானத்தில் செல்லலாம்; அதுவரை அந்த உரிமையற்றிருந்த ஏறக்குறைய 7,80,000 பேர் இதனால் பயனடைவர். நல்ல உத்தரவுதான். ஆனால் ஒரு வாரத்தில் இயன்ற காரியம் அதற்கு முந்திய வருஷங்களில் ஏன் இயலவில்லை என்று, மைத்துனன் ஸ்தானத்தில் கயிறு பிடித்திருந்தவர்களை நாம் கேட்காமல் யார் கேட்பது?

அதைவிட வருந்தத்தக்கது ஓய்வூதிய விவகாரம். 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களில் முப்படையினருக்கு மட்டும் பழைய ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு, எல்லையிலும் காட்டிலும் துப்பாக்கியோடு நிற்கும் மத்திய ஆயுதப் போலீஸ் படையினரை மேஜை உத்தியோகஸ்தர்களோடு சேர்த்துப் புதிய திட்டத்தில் தள்ளியது சர்க்கார். இவர்களும் ஒன்றியத்தின் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியத்திற்கு உரியவர்களே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 11 அன்று தீர்ப்பளித்தது. அதை ஏற்க மனமின்றி சர்க்கார் உச்ச நீதிமன்றம் சென்று, அவ்வருஷம் ஜூலையில் இடைக்காலத் தடை பெற்றது.

ராணுவச் சிப்பாய் இளவயதிலேயே படையை விட்டு வருகிறான், காவலனோ 60 வயது வரை சம்பளம் வாங்குகிறான் என்று சொல்லப்படும் சமாதானத்தில் ஓரளவு நியாயம் உண்டு. களத்தில் மாண்டவரின் குடும்பத்திற்கு விசேஷ ஓய்வூதியம் உண்டென்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேதத்தின் விளைவைப் பாருங்கள்: செத்தால் அவன் போர்வீரன், பிழைத்து வந்தால் குமாஸ்தா.

இது தகாது. மூவர்ணக் கொடி போர்த்துவதில் பேதம் பாராத சர்க்கார், ஓய்வூதியத்திலும் பேதம் பாராதிருக்கக் கடமைப்பட்டது. அந்த வீரர்களை இனியும் நீதிமன்றப் படியேற விடாமல், டெல்லித் தீர்ப்பைத் தானாகவே ஒப்புக்கொண்டு பழைய ஓய்வூதியத்தை அவர்களுக்கு வழங்க வேண்டும். தூத்துக்குடியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருப்பவர் இதை அங்கே எழுப்ப வேண்டும்.