அந்தகக் கவிக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு

செங்கற்பட்டினின்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் செல்வோர் இடைவழியில் திருக்கழுக்குன்றத்து மலையை நோக்கிக் கைகூப்பாமற் செல்வதில்லை. அம்மலையின் பெருமையைப் புராணமாகப் பாடிய புலவர் அதனைத் தம் கண்ணாற் கண்டவரல்லர் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17-ஆம் நூற்றாண்டினர். பூதூரிற் பிறந்து, செங்கற்பட்டுக்கு அண்மையிலுள்ள பொன்விளைந்தகளத்தூரில் வாழ்ந்தவர். பிறவியிலேயே பார்வையற்றவர் என்பர். திருக்கழுக்குன்றப் புராணம், சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ், திருவாரூருலா, சந்திரவாணன் கோவை முதலியன அவர் இயற்றியவை. யாழ்ப்பாணத்து அரசன் பரராசசேகரனிடம் பரிசில் பெற்றார் என்பது கர்ண பரம்பரை. திருவாரூருலாவை 1905-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றினார்.

இந்நூல்களின் இலக்கணத்தைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம். உலா என்பது முற்றும் காட்சியைப் பற்றியது. தலைவன் பவனி வருவதைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழு பருவ மகளிரும் கண்டு மயங்குவதே அதன் பொருள். பிள்ளைத்தமிழிலோ, குழந்தையுடன் விளையாட வருமாறு வானத்து நிலவை அழைக்கும் அம்புலிப் பருவம் உண்டு. பவனியையும் நிலவையும் காணாத ஒருவர் இவற்றைப் பாடினார்.

இது தெய்வத்தின் அருள் என்று வியந்து அமைவது எளிது. அருளை நாம் மறுக்கவில்லை. ஆயின் வியப்பு நம் கடமையை மறைத்தல் ஆகாது. முதுகில் எழுத்தை எழுதிக்காட்ட அவர் கற்றார் என்றொரு செவிவழிச் செய்தி உண்டு. அது மெய்யாயினும் புனைவாயினும், அதன் கருத்து மெய்யே. கற்பித்தார் ஒருவர் இருந்தார். சொல்லச் சொல்ல எழுதினார் ஒருவர் இருந்தார். ஆசிரியர் வாய்ப்பாடமாக ஓத, மாணாக்கர் செவியால் ஏற்று நெஞ்சிற் பதித்த காலம் அது. அக்கல்விக்குக் கண்ணினும் செவியே முதற்கருவி.

அச்சுப் புத்தகம் பரவியபின் நிலைமை மாறிற்று. கல்வி பலருக்கு எட்டியது. பார்வையற்றவருக்கோ எட்டாமற் போயிற்று. பிரான்சு தேசத்து லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட புள்ளியெழுத்து அக்குறையைத் தீர்க்க வழிகாட்டிற்று. நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் அமைந்தது. இன்று கைபேசியே நூலைப் படித்துக் காட்டுகிறது. எனினும், பழைய ஏட்டின் பக்கத்தை வெறும் படமாக எடுத்துவைத்தால் அக்கருவி அதனைப் படிக்கமாட்டாது. எழுத்துருவில் அமைத்தாலன்றிப் பயனில்லை.

சட்டத்திற்கும் குறைவில்லை. பார்வையற்றோர்க்கு நூல்கள் கிடைக்கச் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதல் உறுதிசெய்த நாடு இந்தியாவே. உடற்குறையுடைய மாணாக்கருக்குப் பதினெட்டு வயதுவரை நூல்களை இலவசமாக அளிக்க வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வீரராகவரின் பாட்டுக்களோ எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டவையல்ல. ஆதலின் தடை சட்டத்திலில்லை. நம் மனத்திலேதான் உள்ளது.

புலவருக்குச் சிலை வேண்டுவோரை நாம் தடுக்கவில்லை. ஆயினும் அதனினும் முந்திய கடன் ஒன்றுண்டு. அவருடைய நூல்கள் புள்ளியெழுத்திலும், கருவி படிக்கத்தக்க எழுத்துருவிலும், இசைவல்லார் ஓதிய ஒலிப்பதிவிலும் வெளிவருதல் வேண்டும். திருக்கழுக்குன்றத்தாரும் சேயூராரும் முன்னின்றால், செங்கற்பட்டு மாவட்ட நிருவாகம் துணைநிற்பது அரிதன்று. அந்தகக்கவியின் பாட்டைக் கண்ணுடையார் மட்டுமே படிக்கக் கூடுமாயின், அது அவருக்கு நாம் இழைக்கும் அநீதியேயாகும்.