தெளிந்த காட்சியும் நிலைத்த சான்றும்

தொலைக்காட்சித் திரையின் மூலையிலே 'எச்.டி.' என இரண்டெழுத்துக்கள் ஒளிர்வதை நம் சிறுவரும் அறிவர். படம் தெளிவாகத் தெரியும் என்பதே அதன் பொருளெனப் பலரும் எண்ணி அமைவர். அவ்வெண்ணம் பிழையன்று; ஆயினும் செய்தித் துறையைப் பொறுத்தவரை முழுமையானதுமன்று. உயர்தெளிவுக் காட்சி வந்த காலத்திலே, கமெராவிலிருந்து நம் இல்லம் வரை படம் நடந்து வரும் வழியும், பின்னர் அது பேணப்படும் முறையும் மாறிவிட்டன. அம்மாற்றத்தோடு கூடவே வந்த ஒரு பொறுப்பைப் பற்றி இவ்வாரம் சிந்திப்போம்.

முதற்கண் தெளிவு என்பது யாது எனக் காண்போம். தொலைக்காட்சிப் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆயது. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய முறைப்படி அமைந்த படத்தை இலக்கமாக்கினால் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் அமையும். பெருக்கினால் நான்கு இலட்சத்துச் சொச்சம். முழு உயர்தெளிவுப் படத்திலோ குறுக்கே 1920, நெடுக்கே 1080, பெருக்கினால் 2,073,600. ஏறக்குறைய ஐந்து மடங்கு. 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பின்னர், யப்பானியப் பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. இத்துறையில் ஆராய்ச்சியைத் தொடங்கியது. அவ்விதை மரமாகி நிழல் தரப் பல பத்தாண்டுகள் சென்றன.

புள்ளிகள் பெருகினால் சுமையும் பெருகும் அன்றோ? கலையகத்துக் கம்பியினூடே உயர்தெளிவுப் படம் சுருக்கப்படாது ஓடுகையில், ஒரு செக்கனில் 148 கோடிக்கு மேற்பட்ட பிற்றுக்கள் செல்கின்றன. பிற்று என்பது 0 அல்லது 1 என்னும் ஒற்றை இலக்கம். அத்துணையையும் களத்திலே பதிந்து வைத்தல் அரிது. ஆதலால் படத்தைச் சுருக்குகின்றனர். செய்தித் துறையில் பரவலாக வழங்கிய எக்ஸ்.டி.காம் முறையின் ஒரு வகையில், செக்கனுக்கு 5 கோடி பிற்றுக்களே பதிவாகின்றன; ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

இதனைச் செய்யும் உபாயம் எளியது. செய்தி வாசிப்பவரின் பின்னேயுள்ள சுவர் அசைவதில்லை. இதழும் விழியுமே அசைகின்றன. எனவே ஒரு படத்தை முழுமையாகப் பதிந்து, அடுத்து வரும் சில படங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டாற் போதும். கொட்டும் மழையையோ குமுறும் கடலையோ படமெடுக்கும்போதுதான் இவ்வுபாயம் சோதனைக்கு உள்ளாகின்றது; ஆங்கு ஒவ்வொரு புள்ளியும் கணந்தோறும் மாறுகின்றது.

இனி, படம் நடந்து வந்த வழியை நோக்குவோம். ஆதியிலே செய்தியாளர் 16 மில்லிமீற்றர் பிலிமில் படம் பிடித்தனர்; அதனைக் கழுவி உலர்த்தி வெட்டி ஒட்டிய பின்னரே ஒளிபரப்பலாம். 1970களில் காந்த நாடா களத்துக்கு வந்தது. 1982இல் சொனி நிறுவனத்தின் பீற்றாகாம் தோன்றி, தோளில் சுமக்கும் ஒரே கருவியில் கமெராவையும் பதிவுப்பொறியையும் இணைத்தது. எனினும் நாடாவைத் தொகுத்தல் மாலை தொடுத்தல் போன்றது. இடையிலே ஒரு பூவை நுழைக்க வேண்டுமாயின், அவ்விடத்திலிருந்து அவிழ்த்து மீண்டும் தொடுக்க வேண்டும்.

2003இல் ஒளித்தட்டும், 2004இல் பனசொனிக் நிறுவனத்தின் பி2 நினைவக அட்டையும் செய்திக் கமெராவினுள் புகுந்தன. படம் அப்போது கணினிக் கோப்பாயிற்று. கோப்பைச் சேவையகத்தில் இட்டால், ஒருவர் தொகுக்கும்போதே மற்றொருவர் அதே காட்சியைப் பார்த்து உரை எழுதலாம். எடை மிகுந்த மூலப் படத்துக்குப் பதிலாக அதன் மெலிந்த பிரதியொன்றைச் சாதாரணக் கணினியிலே பார்த்து, வேண்டிய பகுதியைத் தெரிந்தெடுக்கலாம். நடுவே ஒரு காட்சியைச் சேர்க்க எதனையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

இப்புதிய வழியின் சிறப்பையும் பழைய வழியின் நலிவையும் ஒரே நாளிலே உலகுக்குக் காட்டியது யப்பானியப் பேரழிவு. 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி பிற்பகல் 2.46க்குப் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின், என்.எச்.கே. ஹெலிகொப்டரிலிருந்த கமெரா, நத்தோரி நகரின் வயல்களின் மீது கரிய நீர் பரந்து வருவதை நேரடியாகக் காட்டியது. வீடுகள் மிதந்ததையும் வாகனங்கள் விரைந்ததையும் உலகம் அக்கணமே கண்டது.

அதே சுனாமி அண்மையிலுள்ள தகாஜோ நகரில் அமைந்த சொனி ஆலையினுள்ளும் புகுந்தது. எச்.டி.காம் எஸ்.ஆர். என்னும் மிகவுயர்ந்த உயர்தெளிவு நாடா உற்பத்தியானது ஆங்கேதான். அந்நாடா அன்றாடச் செய்திக்கன்றி, பெரும்பாலும் நாடகங்களுக்கும் முடிவுற்ற நிகழ்ச்சிகளின் மூலப் பிரதிகளுக்குமே பயன்பட்டது. ஆலை நின்றதும் உலகெங்கும் தட்டுப்பாடு உண்டாயிற்று. சில மாதங்களில் உற்பத்தி மீண்டதாயினும், அதற்குள் தயாரிப்பாளர் பலர் கோப்பு முறைக்கு மாறத் தலைப்பட்டனர். 2016இல் பீற்றாகாம் நாடாவின் விற்பனையையும் சொனி நிறுத்திக்கொண்டது.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். நாடா கையாலே தொட்டறியும் பொருள். ஒளிபரப்பு முடிந்தபின் அலமாரியில் வைத்தால், ஒருவரும் எண்ணாமலே அது சான்றாகிக் கிடந்தது. நாடா விலையுயர்ந்திருந்த 1960களிலும் 70களிலும் பிரித்தானியாவின் பீ.பீ.சீ. நிறுவனம் பல நிகழ்ச்சிகளை அழித்து, அந்நாடாக்களிலே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்ததுமுண்டு. எனினும் அங்கே அழிப்பதற்கு ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நினைவக அட்டையிலோ அழித்தலே வழமை. உயர்தெளிவுப் பதிவிலே 8 கிகாபைற்றுப் பி2 அட்டையில் ஏறக்குறைய 8 நிமிடக் காட்சியே அடங்கும். பிரதி செய்ததும் அட்டையைத் துடைத்து மறுபடியும் களத்துக்கு அனுப்புவர். ஆதலால், நாடாக் காலத்தில் அழிப்பதற்கு முயற்சி வேண்டியிருந்தது. கோப்புக் காலத்தில் காப்பதற்கு முயற்சி வேண்டும்.

இம்முயற்சியை நல்ல செய்தி நிலையங்கள் ஒழுங்காகவே செய்கின்றன. பிரதி செய்ததும் மூலத்துக்கும் பிரதிக்கும் கணினியால் சரிபார்ப்பு எண் கணித்து, இரண்டும் ஒத்தால் மாத்திரமே அட்டையைத் துடைப்பர். எடுத்த இடம், திகதி, காட்சியிலுள்ளோர் பெயர் ஆகியவற்றைக் கோப்போடு சேர்த்து எழுதுவர். பெயரற்ற கோப்பு ஆயிரமாயிரம் கோப்புக்களிடையே தொலைந்த கோப்பேயாம். இறுதியில் பலவற்றை எல்.ரி.ஓ. என்னும் கணினி நாடாவிலே சேமிப்பர். கமெராவை விட்டு வெளியேறிய காந்த நாடா காப்பகத்திலே காவலாளியாய் இருப்பது வியப்பன்றோ! என்.எச்.கே. நிறுவனமும் 2011இன் காட்சிகளையும் உயிர் தப்பியோர் கூற்றுக்களையும் திரட்டி, பொதுமக்கள் பார்க்கத்தக்க காப்பகமாக அமைத்துள்ளது. எந்தக் கரையில், எவ்வேளையில் நீர் வந்தது என்பதைப் பிற்காலத்தவர் அறிந்து தம்மைக் காத்துக்கொள்ள அது உதவும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி நம் கரைகளையும் கடல் விழுங்கிற்று. அன்று கடலோரக் குடும்பங்கள் பல தம் உறவினரோடு அவர்தம் புகைப்படங்களையும் இழந்தன. இன்று நம் இல்லங்களிலுள்ள கைத்தொலைபேசிகளே 1080 வரிப் படத்தைப் பிடிக்கின்றன. நாம் ஒவ்வொருவரும் ஒருவகையிற் செய்திக் கமெராக்காரரே. பாட்டியின் பேச்சையோ, ஊர்த் திருவிழாவையோ, வெள்ளம் வந்த நாளையோ படம் பிடிக்கும் மாணவர், செய்தி நிலையத்தாரின் ஒழுங்கையும் மேற்கொள்வாராக. ஒரு பிரதி வீட்டிலும் மற்றொன்று வேறோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். யார், எங்கே, என்று என்பது எழுதப்படல் வேண்டும். திறந்து பார்த்து உறுதி செய்த பின்னரே மூலத்தை அழித்தல் வேண்டும். அரை மணி நேர வேலை இது. இதனைச் செய்யும் இல்லத்தில், இன்னும் பிறவாத பேரப்பிள்ளையும் தன் பூட்டியின் குரலைக் கேட்கும்.